லைனை மாற்றுவதற்கு முன் டைமிங்கைப் பாருங்கள்: டென்பின் பௌலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்பின் பௌலிங் என்பது நீண்ட மரப்பலகைத் தளத்தில், அதாவது லேனில், பந்தை உருட்டிக் கோடியில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கும் ஆட்டம். போன வாரம் பக்கத்து லேனில் ஓர் இளைஞர் வீசிக்கொண்டிருந்தார். நல்ல உடல்வாகு, நிறைய ஆர்வம். முதல் பந்து ஹெட் பின்னுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் பின்னுக்கு, இடப்புறமாகப் போனது. உடனே தரையின் மரப்பலகைகளில் இரண்டு பலகை இடப்பக்கம் தள்ளி நின்றார். அடுத்த பந்து வலப்புறம் விலகிப்போய் மூன்று பின்களை மட்டும் சாய்த்தது. மறுபடி வலப்பக்கம் வந்தார். ஓர் ஆட்டத்தின் சுற்றுகளான பத்து ஃபிரேமும் இப்படியே போயின. நான் அவருடைய கால்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நடந்த மாதிரி மறு தடவை நடக்கவில்லை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் செய்ததை அப்படியே கண்முன் பார்ப்பது போலிருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பந்தை விடும்போது தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனை மிதிப்பது, தூக்க முடியாத பந்தை எடுப்பது போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. அவை ஒரே நாளில் தானாகவே புரிந்துவிடும். எனக்கு வலக்கை வீச்சு. இடக்கைக்காரர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பின்களைப் பார்த்துக் குறிவைப்பது

ஃபவுல் லைனிலிருந்து ஹெட் பின் 60 அடி தூரத்தில் இருக்கிறது. லேனில் பதித்திருக்கும் ஏழு அம்புக்குறிகளோ 12 அடியிலிருந்து 16 அடிக்குள் வந்துவிடுகின்றன. கிட்டே இருப்பதைக் குறிவைப்பது சுலபம், தவறினாலும் எத்தனை பலகை தவறியது என்று கண்ணுக்குத் தெரியும். பின்களையே பார்த்து வீசுகிறவருக்குப் பந்து எங்கே கிளம்பியது, எதன்மேல் போனது என்று எதுவும் நினைவில் நிற்காது.

லேனின் அகலம் 39 பலகைகள். வலது ஓரத்திலிருந்து எண்ணினால் ஐந்து பலகைக்கு ஓர் அம்பு. இரண்டாவது அம்பு, அதாவது 10-வது பலகை, பந்தை ஹூக் செய்கிற, அதாவது வளைந்து திரும்பும்படி வீசுகிற, புதியவருக்குத் தொடங்க நல்ல இடம். காரணம் எண்ணெய். வழக்கமாக லேனில் நடுப்பலகைகளில் எண்ணெய் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். இரண்டாவது அம்பை ஒட்டி வீசும்போது, பந்து கொஞ்சம் வெளியே போனால் உலர்ந்த பகுதி பிடித்துத் திருப்பிவிடும். கொஞ்சம் உள்ளே போனால் எண்ணெய் அதைத் திரும்பவிடாமல் தாங்கும். இரண்டு பக்கமும் சிறு பிழைக்கு இடம் இருக்கிறது. நடுவில் நின்று நேராக ஹெட் பின்னை நோக்கி வீசினால் அந்த உதவி கிடைக்காது.

ஸ்ட்ரைக் விழுந்ததால் லைன் சரி என்று நம்புவது

ஸ்ட்ரைக் என்றால் முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது. லைன் என்றால் நின்ற இடத்திலிருந்து குறிவைத்த அம்பின்மேல் பந்து போகும் பாதை. பின்களுக்கு ஹெட் பின் 1 என்று தொடங்கி, பின்வரிசைகளில் இடமிருந்து வலமாகப் பத்து வரை எண் உண்டு. சரியான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நான்கே பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே சாய்க்கின்றன. ஒன்று இரண்டைத் தள்ள, இரண்டு நான்கைத் தள்ள, நான்கு ஏழைத் தள்ளும். மூன்று ஆறையும், ஆறு பத்தையும் சாய்க்கும். ஐந்து எட்டை எடுத்துக்கொள்ளும். இந்த வரிசை நடக்க, பந்து 17, 18-வது பலகைப் பக்கமாக, ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் சற்றுக் கோணலாக நுழைய வேண்டும்.

ஹெட் பின்னைத் தாண்டி மறுபக்கம் இறங்கிய பந்துக்கும் சில சமயம் பத்தும் விழும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது தவறிய பந்து. அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் அதே பந்து ஸ்ப்ளிட்டை, அதாவது இடைவெளி விட்டு நிற்கும் பின்களை, விட்டுவிட்டுப் போகும்.

டைமிங் கெட்டதற்கு லைனை மாற்றுவது

டைமிங் என்றால் கால் நடையும் கை வீச்சும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை, ஏனென்றால் இதில் எனக்கு ஒரு வருடம் முழுசாகப் போயிற்று.

அப்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் எந்தப் பலகையில் நின்றேன் என்று குறித்துக்கொள்வேன். ஒரு ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் 18, 20, 23, 19, 24, 17 என்று எழுதியிருக்கும். பந்து இடப்பக்கம் போனால் இடப்பக்கம் நகர வேண்டும், வலப்பக்கம் போனால் வலப்பக்கம் நகர வேண்டும், அதாவது தவறிய பக்கமே நகர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விதி சரிதான். நான் அதைப் பயன்படுத்திய இடம்தான் தப்பு. எண்ணெய் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு பந்துமேல் சந்தேகம் வந்து, நன்றாகத் திரும்பும் ரியாக்டிவ் பந்து ஒன்றை வாங்கினேன். பிழை இன்னும் பெரிதானது. முன்பு நான்கு பலகை தவறியது இப்போது எட்டுப் பலகை தவறியது.

கடைசியில், நீண்ட காலமாக ஆடிவரும் ஒருவர் என் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தார். வீடியோவை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். என் இடது கால் சறுக்கி முடித்து ஃபவுல் லைன் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது. பந்து அப்போதுதான் பின்னால், தோள் உயரத்தில் இருந்தது. கால் வேலை முடிந்துவிட்டது, கை இன்னும் பாதி வழியில். அடுத்த நொடித்துண்டில் வலது தோள் முன்னால் திருகுகிறது, முழங்கை மடங்குகிறது, பந்து உடலைச் சுற்றி இடப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பு எனக்கு உள்ளூரத் தெரிந்த நாட்களில் நான் கையைத் தளர்த்திவிடுவேன். அப்போது பந்து வலப்பக்கம் நழுவிப் போகும். ஒரே கோளாறு இரண்டு பக்கமும் தவறவைத்தது. எந்தப் பலகையில் நின்றாலும் அது கூடவே வரும்.

அவர் வீடியோவைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார். காரணம் அங்கே இருந்தது. முதல் அடி வைக்கும்போது பந்து மார்போடு அப்படியே இருந்தது. இரண்டாவது அடியில்தான் கிளம்பியது. முழுசாக ஓர் அடி தாமதம்.

நான்கு அடி நடையில் கணக்கு இதுதான். முதல் அடி வலது கால்: அதோடு சேர்ந்தே பந்து முன்னால் போக வேண்டும். இரண்டாவது அடி முடியும்போது பந்து கீழே இறங்கி வலது காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது அடியில் அது பின்னால் உச்சிக்குப் போகும். நான்காவது இடது காலின் சறுக்கல்: கால் நிற்கப்போகும் தறுவாயில் பந்து கணுக்காலருகே வந்து கையை விட்டுப் போகும். ஐந்து அடி நடக்கிறவர்கள் முதல் அடியைச் சும்மா வைத்துவிட்டு இரண்டாவதில் பந்தை நகர்த்துவார்கள். மற்றதெல்லாம் அதேதான்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தளர்வாகத் தொங்கும் கை ஓர் ஊசல். ஊசல் ஆடும் நேரத்தை நிர்ணயிப்பது முக்கியமாக அதன் நீளம், தொங்கும் எடை அல்ல. அதனால் 10 பவுண்டு பந்தானாலும் 15 பவுண்டு பந்தானாலும் உங்கள் கை ஏறத்தாழ ஒரே நிதானத்தில்தான் ஆடும். அதை அவசரப்படுத்த ஒரே வழி தசையால் இழுப்பது. இழுத்தால் நேர்கோடு போய்விடும். ஆகவே கால்தான் கைக்காகக் காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு எளியது. ஒரு பந்து தவறினால் இரண்டு கேள்விகள். பந்து நான் பார்த்த அம்பின்மேல் போனதா? விட்ட பிறகு தடுமாறாமல் நின்றேனா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால்தான் லைனைப் பற்றி யோசிப்பேன், அதுவும் அடுத்தடுத்து இரண்டு மூன்று பந்து அப்படியே போன பிறகு. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் நின்ற பலகையை விட்டு நகர மாட்டேன். பயிற்சி நாளில் முதல் பத்துப் பந்துக்கு ஸ்கோர் பார்ப்பதில்லை. “ஒன்று” என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தச் சொல்லோடு வலது காலும் பந்தும் சேர்ந்து கிளம்புகின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். சில வாரங்களில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் 20, 20, 20, 21 என்று வந்தது. லைன் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வேகத்துக்காக ஓடுவது

வேகம் வேண்டுமானால் தொடக்கத்தில் பந்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். காலை விரட்டாதீர்கள்.

அடுத்தவர் லைனைக் காப்பியடிப்பது

அவர் வேகம் வேறு, சுழற்சி வேறு, பந்து வேறு.

ஸ்பேருக்கும் அதே ஹூக்

முதல் பந்துக்குப் பிறகு மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் சாய்ப்பதுதான் ஸ்பேர். பத்தாவது பின் தனியாக நின்றால் இடப்பக்கம் போய் நின்று, லேனின் குறுக்கே நேராக வீசுங்கள். அதிகம் திரும்பாத பிளாஸ்டிக் பந்து அதற்காகத்தான் இருக்கிறது.

எண்ணெய் அப்படியே இருக்கும் என்று நினைப்பது

டைமிங் நிலைத்த பிறகு வரும் சிக்கல் இது. ஒவ்வொரு பந்தும் தன்மேல் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. பந்துகள் திரும்பி வந்து சேரும் இடத்தில் உங்கள் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், உருண்ட தடத்தில் மெல்லிய வளையமாக எண்ணெய் பளபளக்கும். துணியால் அதைத் துடைத்துவிட்டு வீச வேண்டும். எல்லோரும் இரண்டாவது அம்பின் பக்கமே வீசினால் ஓரிரு ஆட்டங்களுக்குள் அந்தத் தடம் காய்ந்துவிடும். அதுவரை ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையிலான பாக்கெட்டுக்குள் போன பந்து சீக்கிரமே திரும்பி ஹெட் பின்னை முகத்தில் அடிக்கத் தொடங்கும். நீங்கள் எதையும் மாற்றவில்லை, லேன்தான் மாறியிருக்கிறது.

இப்போது நகரலாம். நான் முதலில் காலை இரண்டு பலகை இடப்பக்கமும், கண்ணை ஒரு பலகை இடப்பக்கமும் வைத்துப் பார்ப்பேன். போதாவிட்டால் இன்னொரு தடவை அதே அளவு. காலை மட்டும் நகர்த்திவிட்டு அதே அம்பைப் பார்த்தால் பந்து மறுபடியும் அந்தக் காய்ந்த தடத்துக்கே போகும்.

விட்டதும் திரும்பி நடப்பது

பந்து பின்களை அடைய ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகும். அதுவரை இடது காலில் அப்படியே நில்லுங்கள். எந்த அம்பின்மேல் போனது, எங்கே திரும்பத் தொடங்கியது, எப்படி நுழைந்தது என்று மூன்றையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும். நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டீர்களா? அந்தப் பந்து எதைச் சாய்த்திருந்தாலும், லைன் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.