எண்ணத்தைக் கணினியில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரக் காப்பிக்கடையில் ஒரு பல்கலைக்கழக மாணவி மடிக்கணினியைத் திறந்து தன் ஆய்வைக் காட்டினார். திரையில் வருவது உண்மையான சொல்லா, போலியா என்று பிள்ளைகள் உடனே விசையைத் தட்ட வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்குச் சட்டென்று தட்டியவர்கள் ‘பல்லாங்குழி’ வந்ததும் தயங்கியிருந்தார்கள். “பிள்ளைங்களுக்குத் தமிழ் சரியாத் தெரியல, அங்கிள்” என்றார்.

சராசரி நேரத்தை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பு சொல்லக் கூடாது. உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978இல் முன்வைத்த, மனம் முடிவெடுப்பதைக் கணக்காகக் காட்டும் பரவல் மாதிரி (diffusion model) அந்த நேரத்தைப் பிரித்துப் பார்க்கிறது: இது சொல்லா, போலியா என்பதற்கு மனம் சான்று சேர்க்கும் வேகம் ஒன்று, ‘இவ்வளவு சேர்ந்தால்தான் தட்டுவேன்’ என்ற எல்லை இன்னொன்று, கண் எழுத்தை வாங்கவும் விரல் அசையவும் ஆகும் நேரம் தனி. சொல் நீளமாக இருந்தால் கண்ணுக்கு வேலை கூடும். தப்பாகிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளை எல்லையை உயர்த்திக்கொள்ளும். இரண்டிலும் பதில் தாமதமாகும், தமிழறிவு குறைந்ததாகாது. வாய் திறக்கவே கூச்சப்படும் நம் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வேறுபாட்டைத் தவறவிட எனக்கு மனம் வரவில்லை.

மாணவி தவறான பதில்களைக் கோப்பிலிருந்து நீக்கியிருந்தார். அதைச் செய்யவே கூடாது. எல்லை தாழ்ந்தால் பதில் வேகமாகும், பிழையும் பெருகும். சான்று விரைவாகச் சேர்ந்தால் பதில் வேகமாகும், பிழை குறையும். எது நடந்தது என்று காட்டிக்கொடுப்பவை அந்தப் பிழைகள்தான்.

மாதிரி வரையும் கோடு தரவோடு பொருந்தியதுமே நம்பிவிடாதீர்கள். முதலில் வேகம், எல்லை போன்றவற்றுக்கு நீங்களே சில எண்களைக் கொடுத்து மாதிரியிலிருந்து போலித் தரவை உருவாக்குங்கள். பிறகு அந்த எண்களைக் கண்டுபிடிக்குமாறு நிரலிடமே விடுங்கள். அங்கேயே செய்து பார்த்தோம். ஆளுக்கு 20 சொல் வைத்தபோது போட்ட எண் ஒன்று, வந்த எண் வேறு. 200 ஆக்கியதும் அருகில் வந்தது.

எல்லாருடைய தரவையும் கலந்துவிடுவதும் தவறு. புதிதாக ஒன்றைக் கற்கும்போது ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாளில் சட்டென்று பிடித்துக்கொண்டாலும் அந்த நாள் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சராசரி வளைவு மெல்ல மெல்ல ஏறும். அப்படிக் கற்றவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இந்த மாதிரியைக் காட்டி ‘மூளை இப்படித்தான் இயங்குகிறது’ என்றும் எழுத வேண்டாம். சீ. எலிகன்ஸ் என்ற சிறு புழுவுக்கு 302 நரம்பணுக்களே. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இல் வெளிவந்தும் அதன் நடத்தை முழுவதையும் கணினியில் கொண்டுவர முடியவில்லை. நம் மூளையிலோ சுமார் 8,600 கோடி.

மாணவி நீக்கிய பதில்களை மீட்டு, சொற்களைக் கூட்டி, பிள்ளைக்குப் பிள்ளை தனியாக ஓட்டினார். பல்லாங்குழிக்குத் தயங்கிய ஒரு பையனுக்கு இரு மொழியிலும் சான்று சேரும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. தமிழில் எல்லை மட்டும் உயர்ந்திருந்தது.