விக்கி குறுவிளக்கம்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

விக்கிப்பீடியா செயலியில் ஒருவர் ‘குறிஞ்சி’ என்று தேடுகிறார். அவருக்கு வேண்டியது ஐந்திணைகளுள் ஒன்றா, மலையில் பூக்கும் செடியா, ராகமா? தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் ஒற்றை வரியைப் பார்த்துத்தான் எதைத் தொடுவது என்று முடிவு செய்வார். அந்த வரிதான் குறுவிளக்கம். இரண்டு மூன்று சொல்தானே என்று நினைப்போம். தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நாள்கணக்கில் வாதாட அதுவே போதும்.

பெரும்பாலானவர்கள் செய்வது, கட்டுரையின் முதல் வரியை அப்படியே வெட்டி ஒட்டுவது. ‘குறிஞ்சி என்பது பண்டைத் தமிழகத்தின் ஐவகை நிலங்களுள் ஒன்றாகும்.’ தலைப்பு மேலேயே இருக்கிறது, பிறகு எதற்கு இன்னொரு முறை? ‘என்பது’, ‘ஆகும்’ இரண்டும் போகட்டும். முற்றுப்புள்ளியும் வேண்டாம். ‘தமிழ் இலக்கியத் திணை’ என்றால் முடிந்தது. ‘மலையும் மலை சார்ந்த இடமும்’ என்றுதானே பள்ளியில் படித்தோம் என்பார்கள். அது இலக்கணம். இங்கே இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை, மற்ற இரண்டிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும். செடிக்கு மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். ‘12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி’ என்பதை அலங்காரம் என்று சிலர் வெட்டுவார்கள். ஆனால் நீலக்குறிஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அதுதானே? மூன்றாவதற்கு ‘கருநாடக இசை ராகம்’. (ராகமா, இராகமா என்பது தனிச் சண்டை.)

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். வைகைக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி தேனி, மதுரை, சிவகங்கை மாவட்டங்கள் வழியாகப் பாயும் ஆறு’. தகவலில் பிழையில்லை. ஆனால் கைபேசித் திரை ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி…’ என்ற இடத்திலேயே வெட்டிவிடும். ஆங்கிலத்தில் ஆறு என்ற சொல் முதலில் வந்துவிடுகிறது; நமக்கோ கடைசியில்தான் வரும். பக்கத்திலேயே வைகை அணையும் வைகை எக்ஸ்பிரஸும் நிற்கும்போது, வெட்டுப்பட்டது எந்தச் சொல் என்று பாருங்கள். ‘தமிழ்நாட்டு ஆறு’ என்று எழுதினால் வெட்டுவதற்கே ஒன்றும் இருக்காது.

ஆங்கில விக்கியில் சுமார் 40 எழுத்துக்குறிகள் என்று ஒரு வழிகாட்டுதல் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. ‘கொடைக்கானல்’ நமக்கு ஆறு எழுத்து. துணைக்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கோ பதினொன்று. சொல் கணக்கு வைத்துக்கொள்வதே மேல், ஐந்துக்குள்.

‘புகழ்பெற்ற’, ‘தலைசிறந்த’ எல்லாம் கட்டுரையிலேயே கூடாது, இங்கே கேட்கவே வேண்டாம். ‘தற்போதைய அமைச்சர்’ அடுத்த தேர்தலில் பொய்யாகிவிடும். ‘தமிழ்நாட்டு அரசியல்வாதி’ அப்படி ஆகாது. ‘ஈழத்து எழுத்தாளர்’, ‘இலங்கைத் தமிழ் எழுத்தாளர்’ இரண்டில் எது என்பதற்குச் சுருக்கமான விடை இல்லை. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுவிளக்கத்தில் புதிதாக ஒரு போர்முனை திறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செயலியில் தமிழ்க் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தெரியும் வரி, எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவிலிருந்து வருகிறது. ஆங்கில விக்கியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. யாராவது விக்கித்தரவில் போய் விஷமம் செய்தால் ஆங்கில விக்கியில் யார் கண்ணிலும் படுவதில்லை என்று 2017 வாக்கில் பெரிய சர்ச்சை எழுந்து, அவர்கள் விளக்கத்தைத் தங்கள் கட்டுரைக்குள்ளேயே எழுதும் முறைக்கு மாறினார்கள். நாம் இன்னும் மாறவில்லை. அதனால் தமிழ் விக்கியில் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் (நாம் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டுவது) சேர்த்தால் மட்டும் போதாது. விக்கித்தரவுக்குப் போய் அந்தக் கட்டுரைக்கான உருப்படியையும், அதாவது அதன் தரவுப் பக்கத்தையும், அங்குள்ள பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.