ஃபுட்பால் டீம் ரெலிகேஷன்ல மாட்டிக்கிச்சா? கிளப் என்ன பண்ணணும், எப்போ பண்ணணும்

டேபிளை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல இன்னும் எத்தனை மேட்ச் மிச்சம் இருக்குன்னு எண்ணுங்க. கீழ கிடக்குற கிளப் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் பண்ணும், கோச்சை மாத்தும், ஜனவரில ஆள் வாங்கும், கேப்டனை விட்டு "நாங்க போராடுவோம்"னு பேட்டி குடுக்க வைக்கும். இதையே நவம்பர்ல பண்றவன் பெரும்பாலும் தப்பிச்சுக்குறான், ஏப்ரல்ல பண்றவன் மாட்டிக்குறான். உதாரணமெல்லாம் இங்கிலாந்து ஃபுட்பாலோட பிரிமியர் லீக்ல இருந்தே எடுக்குறேன், 20 டீம், 38 மேட்ச், கடைசி 3 பேர் கீழ் லீக்குக்கு போயிடுவாங்க, ரெலிகேஷன்னா இதான், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்க அங்கதான் நிறைய.

அடுத்து, 40 பாயின்ட் எடுத்தா சேஃப்னு ஒரு பேச்சு இருக்கே, அதை மறந்துடுங்க. 2002-03ல வெஸ்ட் ஹாம் 42 பாயின்ட் எடுத்தும் கீழ போனாங்க, 2023-24ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 4 பாயின்ட் பறிபோயும் 32லயே தப்பிச்சாங்க. உங்களுக்கு வேண்டியது நம்பர் கிடையாது, உங்களுக்கு கீழ மூணு டீம். அதனால அந்த மூணு பேர் யாருன்னு இப்பவே முடிவு பண்ணி, அவங்களோட இன்னும் எத்தனை மேட்ச் இருக்கு, எது ஹோம்ல (நம்ம மைதானம்), எது அவேல (அவங்க மைதானம்), அதுக்கு முன்னாடி நாலு நாள் ரெஸ்ட் கிடைக்குதான்னு உக்காந்து எழுதுங்க. சிக்ஸ் பாயின்டர்னு சொல்றது இதைத்தான், ஜெயிச்சா நாம 3 பாயின்ட் எடுக்குறோம், அவன் எடுக்க வேண்டிய 3 போச்சு. மான்செஸ்டர் சிட்டி மாதிரி பெரிய டீம் கிட்ட அவேல போய் உசுரை குடுத்து ஆடி, 0-4 தோத்து, ரெண்டு பேருக்கு காயம் ஆகி, மூணு நாள் கழிச்சு வர்ற சிக்ஸ் பாயின்டர்ல நொண்டிக்கிட்டு நிக்குறது மாதிரி முட்டாள்தனம் எதுவும் இல்ல. அந்த சிட்டி மேட்ச்ல முக்கியமான நாலு பேருக்கு ரெஸ்ட் குடுங்க, ஃபேன்ஸ் திட்டுவாங்க, திட்டட்டும்.

இப்ப கோச் விஷயம். தூக்கணுமா வேணாமாங்கறதுக்கு ஒரே பதில் கிடையாது. 2021-22ல நியூகாசில் மொத 14 மேட்ச்ல ஒண்ணு கூட ஜெயிக்கல, ஆனா நவம்பர்லயே எடி ஹவ் வந்துட்டாரு, ட்ரெய்னிங்ல மாத்துறதுக்கு டைம் இருந்துச்சு, பிளேயர்ஸை வாங்க விக்க விடுற ஜனவரி விண்டோவும் கையில இருந்துச்சு, கடைசில 11வது இடம். அதே சீசன்ல பர்ன்லி, பத்து வருஷத்துக்கு கிட்ட இருந்த ஷான் டைச்சை ஏப்ரல்ல 8 மேட்ச் மிச்சம் இருக்கறப்ப தூக்கினாங்க, கொஞ்சம் மேல வந்தாங்க, பத்தல. அடுத்த வருஷம் லீட்ஸ் கடைசி 4 மேட்ச்சுக்கு சாம் அலர்டைஸை கூட்டிட்டு வந்தாங்க, கிடைச்சது 1 பாயின்ட். 2016ல நியூகாசில் ரஃபா பெனிடெஸையே மார்ச்ல கொண்டு வந்தும் கீழதான் போனாங்க, பேர் எவ்ளோ பெருசா இருந்தாலும் 10 மேட்ச்ல அவ்ளோதான் முடியும். இன்னொரு பக்கம் 2014-15 லெஸ்டர், ஏப்ரல் வரைக்கும் கடைசில கிடந்தாங்க, நைஜல் பியர்சனை மாத்தல, கடைசி 9 மேட்ச்ல 7 ஜெயிச்சு தப்பிச்சாங்க, அதுக்கு அடுத்த வருஷம் சாம்பியன். அதனால நான் சொல்றது, பிளேயர்ஸ் இன்னும் கோச் பேச்சை கேக்குறாங்களான்னு பாருங்க. தோத்த மேட்ச்லயும் 85வது நிமிஷம் வரைக்கும் ஓடுறாங்கன்னா வெச்சுக்கோங்க, 0-2 ஆனதும் தோளை தொங்கப் போட்டுட்டு ஒருத்தனை ஒருத்தன் கை காட்டுறாங்கன்னா அன்னைக்கே பேசி முடிங்க. ரெண்டுக்கும் நடுவுல "இன்னும் ரெண்டு மேட்ச் பாப்போம்"னு இழுக்கறது தான் கிளப்பை சாவடிக்கும்.

ஆட்டத்துல மொதல்ல சரி பண்ண வேண்டியது டிஃபென்ஸ், இதுல எனக்கு டவுட்டே இல்ல. 2022-23 சீசனை பாருங்க, லெஸ்டர் 51 கோல் அடிச்சாங்க, எவர்டன் வெறும் 34. கீழ போனது லெஸ்டர். அவங்க வாங்கின கோல் 68, எவர்டன் 57. எவர்டனுக்கு ஜனவரி கடைசில டைச் வந்தாரு, அந்த ஆட்டத்தை பாக்க கண்ணுக்கு ஒண்ணும் குளுமையா இருக்காது, ஆனா கடைசி நாள்ல போர்ன்மத்தை 1-0 அடிச்சு 36 பாயின்டோட தப்பிச்சாங்க. 0-0 உங்களுக்கு ஒரு பாயின்ட், 2-3 ஒண்ணுமே இல்ல, அவ்ளோ சிம்பிள் கணக்கு.

கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி செட் பீஸ்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா அதுக்கு திறமை கம்மியா போதும், பழக்கம் தான் வேணும். எதிரணி கார்னர் வருது, நியர் போஸ்ட்ல, அதாவது கார்னர் அடிக்கிற பக்கத்து கோல் போஸ்ட்ல யாரு, கீப்பர் முன்னாடி நின்னு இடிக்கிறவனை தள்ளி வைக்கறது யாரு, ஹெட் பண்ணி வெளிய போன பந்து பாக்ஸ் விளிம்புல விழும் பாருங்க, அந்த செகண்ட் பாலுக்கு யாரு. கீழ இருக்குற டீம்ல மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது, எல்லாரும் கோல் கிட்ட கும்பலா நிப்பாங்க, வெளிய ஒருத்தன் ஃப்ரீயா நின்னு அடிப்பான். வாராவாரம் அதே ஆளுங்களை அதே இடத்துல நிக்க வைங்க, காயம் ஆனா மட்டும் மாத்துங்க. நம்ம பக்க கார்னருக்கும் ரெண்டே ரெண்டு பிளான் போதும், பத்து பிளான் வெச்சா பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் வராது.

ஃபார்மேஷன் மாத்தணும்னா ஒரு தடவை மாத்துங்க, அதோட விடுங்க. 2011-12ல விகன்ல ராபர்டோ மார்டினெஸ் மூணு சென்டர் பேக் (நடுவுல நிக்குற டிஃபெண்டர்) வெச்சு ஆட ஆரம்பிச்சாரு, கடைசி 9ல 7 ஜெயிச்சாங்க, அதுல மான்செஸ்டர் யுனைட்டடும் உண்டு, ஆர்சனலை அவங்க ஊர்லயே போய் அடிச்சதும் உண்டு. வாராவாரம் புதுசு புதுசா ட்ரை பண்ணியிருந்தா இது நடந்திருக்காது.

ஜனவரி விண்டோ. இங்க தான் காசு கரியாகும். 2013 ஜனவரில க்யூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) கிறிஸ் சம்பாவுக்கு மட்டும் 12.5 மில்லியன் பவுண்டுகிட்ட குடுத்து, கூட லோயிக் ரெமியையும் வாங்கி, கடைசி இடத்துலயே முடிச்சாங்க. அடுத்த வருஷம் ஃபுல்ஹாம் மித்ரோக்ளூவை பெரிய தொகைக்கு வாங்கினாங்க, ஃபிட்னஸே இல்லாம வெறும் 3 மேட்ச் ஆடினாரு. வீடியோல நல்லா தெரியறவன் வேணாம், போன மூணு மாசமா வாராவாரம் 90 நிமிஷம் ஆடினவன் வேணும், இந்த லீக்கை ஏற்கனவே பாத்தவனா இருந்தா இன்னும் நல்லது. 2022 ஜனவரில நியூகாசில் பண்ணினதை பாருங்க, ட்ரிப்பியர், டேன் பர்ன், டார்கெட்டுன்னு டிஃபென்ஸுக்கு ஆள், நடுவுல ப்ரூனோ, முன்னாடி கிறிஸ் வுட். அந்த வுட் வந்தது எங்க இருந்து? பர்ன்லில இருந்து. இவ்ளோ காசு கட்டினா பிளேயரை விட்டே ஆகணும்னு காண்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து இருக்கும், ரிலீஸ் கிளாஸ்னு பேரு, அதுல இருந்த 25 மில்லியன் பவுண்டை கட்டி, தன்னோட சேர்ந்து கீழ கிடந்த டீமோட ஸ்ட்ரைக்கரையே தூக்கிட்டாங்க, அப்புறம் கடைசி நாள் பர்ன்லி மைதானத்துலயே போய் 2-1 ஜெயிச்சு அவங்களை அனுப்பியும் வெச்சாங்க. கொடூரம் தான், ஆனா கணக்கு சரி. இதுல பாடம் ரெண்டு பக்கமும் இருக்கு, உங்க பிளேயர்ஸ் காண்ட்ராக்ட்ல இப்படி கிளாஸ் இருக்கான்னு டிசம்பர்லயே எடுத்து படிங்க.

ரூல்ஸ், பேப்பர் வேலையும் ஆட்டத்துல சேர்த்தி தான். 1996 டிசம்பர்ல மிடில்ஸ்ப்ரோ, 23 பேருக்கு காயம், உடம்பு சரியில்லன்னு பிளாக்பர்னோட மேட்சுக்கே போகல, 3 பாயின்ட் வெட்டுனாங்க. சீசன் முடிவுல 39, ரெண்டு பாயின்ட்ல கீழ போனாங்க. யூத் டீம் பசங்களை அனுப்பி 0-6 தோத்திருந்தா கூட தப்பிச்சிருப்பாங்க.

அடுத்தது யாருக்கும் பிடிக்காத வேலை, கீழ போனா என்னன்னு இப்பவே பிளான் போடறது. சம்பள காண்ட்ராக்ட்ல கீழ போனா இத்தனை சதவீதம் குறையும்னு கிளாஸ் போடுங்க, யாரை விக்கணும் யாரை வெச்சுக்கணும்னு லிஸ்ட் ரெடி பண்ணுங்க, ஆனா இந்த பேச்சு டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போகவே கூடாது. கீழ போறவங்களுக்கு பாராசூட் பேமென்ட்னு டிவி காசுல ஒரு பங்கு அதிகபட்சம் 3 வருஷம் வரும், மேல வந்த ஒரே சீசன்ல திரும்ப கீழ போனா 2 வருஷம் தான், வருஷாவருஷம் குறையவும் செய்யும். அதை நம்பி உக்காந்துட முடியாது, சண்டர்லேண்ட் 2017ல கீழ போனாங்க, 2018ல இன்னொரு படி கீழ போய் மூணாவது லெவலான லீக் ஒன்ல நின்னாங்க. பர்ன்லியோ வின்சென்ட் கொம்பனியை கோச்சா கூட்டிட்டு வந்து டீமை மாத்தி கட்டி, 101 பாயின்டோட அடுத்த வருஷமே மேல வந்துட்டாங்க.

கடைசி நாளுக்கு வருவோம். எல்லா மேட்சும் ஒரே நேரத்துல நடக்கும், மத்த ஸ்கோர் என்னன்னு தெரிஞ்சுக்கறதுக்குன்னே பெஞ்ச்ல ஒருத்தரை உக்கார வைங்க, அவரைத் தவிர யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. சிரிக்காதீங்க, 1996 மே மாசம் மான்செஸ்டர் சிட்டி லிவர்பூலோட 0-2ல இருந்து 2-2க்கு வந்துட்டாங்க, டிரா போதும்னு யாரோ சொன்னதை நம்பி பந்தை கார்னர் ஃப்ளாக் கிட்ட கொண்டு போய் டைம் கடத்துனாங்க. ஏற்கனவே சப்ஸ்டிட்யூட் ஆகி வெளிய வந்திருந்த நியால் க்வின், விஷயம் தெரிஞ்சு ஓடி வந்து டச்லைன்ல நின்னு கத்துறாரு, டிரா பத்தாது, கோல் அடிங்கடான்னு. அதுக்குள்ள டைம் போச்சு. பாயின்ட் சமம், ஆனா அடிச்ச கோலுக்கும் வாங்கின கோலுக்கும் உள்ள வித்தியாசத்துல, கோல் டிஃபரன்ஸ்ல கீழ போனாங்க.