ஆப்பிள்ஸ்கிரிப்ட்டில் மாறிகளின் எல்லையும் கோப்புப் பாதைகளும்

மேக் கணினியில் ஃபைண்டர் (கோப்புகளைக் கையாளும் செயலி), இன்டிசைன், எக்செல் போன்ற செயலிகளை, அவற்றுக்குக் கட்டளையிட உதவும் ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழி கொண்டு இயக்கத் தொடங்குகிறவர்களை இரண்டு பிழைகள் அதிகமாக அலைக்கழிக்கின்றன. மேலே மதிப்புக் கொடுத்து வைத்த மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்), ஒரு ஹேண்ட்லருக்குள் (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்புக்குள்) நுழைந்ததும் வரையறுக்கப்படவில்லை என்று -2753 என்ற எண்ணுடன் வந்து நிற்பது ஒன்று. கண்ணெதிரே மேசைத்திரையில் இருக்கும் கோப்பைக் காணவில்லை என்று -43 என்ற எண்ணுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடுவது மற்றொன்று. 1993 முதல் இருந்துவரும் இம்மொழியில் இவ்விரண்டையும் தவிர்க்க, ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும்: இந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பது நம் ஸ்கிரிப்ட்டா, நாம் கட்டளையிடும் செயலியா?

ஓர் எளிய வேலையை எடுத்துக்கொள்வோம். மேசைத்திரையில் 'படங்கள்' என்றொரு கோப்புறை இருக்கிறது; அதில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்து, 'அச்சுக்கு' என்ற கோப்புறைக்குள் நகலெடுக்க வேண்டும். சரிபார்ப்பதற்கு ஒரு ஹேண்ட்லர் எழுதுகிறோம். நகலெடுப்பதை ஃபைண்டரிடம் ஒப்படைக்கிறோம்.

முதலில் மாறிகள். எந்த ஹேண்ட்லருக்குள்ளும் அடங்காமல், ஸ்கிரிப்ட்டின் மேல்மட்டத்தில் 'செட்' என்று எழுதி மதிப்புக் கொடுக்கும் மாறி, மற்ற ஹேண்ட்லர்களுக்குத் தானாகத் தெரியாது. நீங்கள் 'ரன்' என்று எழுதாவிட்டாலும் மேல்மட்ட வரிகள் அனைத்தும், ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது இயங்கும் ரன் ஹேண்ட்லருக்குள் இருப்பதாகவே அம்மொழி கொள்கிறது. ஒரு ஹேண்ட்லரின் மாறி இன்னொன்றுக்குத் தெரியாது என்ற பொது விதி அதற்கும் பொருந்துகிறது. மேல்மட்டத்திலேயே 'குளோபல்' என்று அறிவித்துவிட்டால் எல்லா ஹேண்ட்லர்களுக்கும் அது தெரியும். அறிவிப்பை ஒரு ஹேண்ட்லருக்குள் மட்டும் வைத்தால், அதே மாறி தேவைப்படும் அடுத்த ஹேண்ட்லரிலும் அவ்வறிவிப்பை மீண்டும் எழுத வேண்டும். 'ப்ராப்பர்ட்டி' என்று அறிவித்தது ஸ்கிரிப்ட் முழுவதற்கும் தெரியும்.

குளோபலைப் பயன்படுத்தாமலே பெரும்பாலான வேலையை முடித்துவிட முடியும் என்பது என் உறுதியான கருத்து. சரிபார்க்கும் ஹேண்ட்லருக்குத் தேவை ஒரு கோப்பு; அதை அடைப்புக்குறிக்குள் கொடுத்தனுப்பி, சரியா தவறா என்ற விடையை 'ரிட்டர்ன்' மூலம் திரும்பப் பெற்றால் போதும். அந்த ஹேண்ட்லரை நாளை வேறொரு ஸ்கிரிப்ட்டுக்குள் அப்படியே எடுத்துச் செல்லலாம். குளோபலை நம்பி எழுதியதை அப்படி எடுத்துச் செல்ல முடியாது.

ப்ராப்பர்ட்டி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குத் தொடக்கத்தில் கொடுக்கும் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகக் கணக்கிடப்படுவதில்லை. ஸ்கிரிப்ட் தொகுக்கப்படும்போது (எழுதியது இயங்கும் வடிவாக மாற்றப்படும்போது) கணக்கிடப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. 'இன்றைய தேதி' என்று ஒரு ப்ராப்பர்ட்டி வைத்து, அதன் பெயரில் கோப்புறை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டை நான் எழுதியிருந்தேன். தொகுத்த நாளில் சரியாக ஓடிய அது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் முதல் நாளின் கோப்புறையிலேயே கோப்புகளைக் கொட்டியது. தேதி, பயனரின் கோப்புறை, தேர்ந்தெடுத்த கோப்புகள் போன்று ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறவற்றை ரன் ஹேண்ட்லருக்குள் கணக்கிடுவதே முறை. ஓட்டத்தின்போது ப்ராப்பர்ட்டியில் எழுதிய மதிப்பு செயலியாகச் சேமித்த ஸ்கிரிப்ட்டில் அடுத்த முறைக்கும் நிற்கக்கூடும். ஆனால் மீண்டும் தொகுத்தால் அது போய்விடும் என்பதால், இழக்கக் கூடாத எதையும் தனிக் கோப்பில் எழுதி வைப்பது நல்லது.

அடுத்து 'டெல்' தொகுதி, அதாவது ஒரு செயலிக்கான கட்டளைகளை அடக்கும் வரிகள். டெல் தொகுதி மாறிகளுக்கு எல்லை வகுப்பதில்லை. ஃபைண்டருக்கான டெல் தொகுதிக்குள் மதிப்புக் கொடுத்த மாறியை, அதே ஹேண்ட்லரில் தொகுதிக்கு வெளியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மாறுவது சொற்களின் பொருள். அத்தொகுதிக்குள் 'நேம்', 'ஃபோல்டர்', 'டெஸ்க்டாப்', 'கன்டெய்னர்' ஆகியவை ஃபைண்டரின் சொற்கள். அவற்றில் ஒன்றை உங்கள் மாறிக்குப் பெயராக வைத்தால், உங்கள் மாறிக்கு மதிப்புக் கொடுக்க எழுதிய வரியை ஃபைண்டர் தன் பண்பை மாற்றச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எந்தச் செயலியின் அகராதியிலும் இருக்க வாய்ப்பில்லாத பெயர்களைச் சூட்டுவதே எளிய தற்காப்பு. இருபுறமும் செங்குத்துக் கோடிட்டால் மாறிக்குத் தமிழிலேயே பெயரிடலாம். |மூலப்படங்கள்| என்ற பெயரோடு எந்தச் செயலியும் மோதப் போவதில்லை.

நீங்கள் எழுதிய ஹேண்ட்லரை டெல் தொகுதிக்குள்ளிருந்து அழைக்கும்போதும் இதே சிக்கல் எழுகிறது. பெயரை மட்டும் எழுதினால் அவ்வழைப்பு ஃபைண்டருக்குப் போகும். ஃபைண்டருக்கு அப்படியொரு கட்டளை தெரியாததால் -1708 என்ற பிழை வரும். பெயருக்கு முன்னால் 'மை' என்ற சொல்லைச் சேர்த்தால், இது ஸ்கிரிப்ட்டுக்குச் சொந்தமானது என்பது தெளிவாகிவிடும். இந்த ஒரு சொல்லை மறந்துவிட்டு ஹேண்ட்லருக்குள் தவறு தேடுவோர் பலர்.

இனிப் பாதைகள். ஆப்பிள்ஸ்கிரிப்ட் இருவகைப் பாதைகளை அறியும். பழைய வகை வட்டின் பெயரில் தொடங்கி, முக்காற்புள்ளியால் கோப்புறைகளைப் பிரிக்கும். 'மேக்கின்டாஷ் எச்டி' என்று தொடங்குவது அது. யூனிக்ஸ் வழிவந்த மற்றது சாய்கோட்டில் தொடங்கிச் சாய்கோட்டால் பிரிக்கும். அதைப் பாசிக்ஸ் பாதை என்பார்கள். ஃபைண்டர் முதல் வகையோடு ஒத்துப்போகிறது. 'டூ ஷெல் ஸ்கிரிப்ட்' மூலம் ஷெல்லில் (யூனிக்ஸ் கட்டளைகளை இயக்கும் நிரலில்) இயக்கும் கட்டளைகளுக்கு இரண்டாவது மட்டுமே புரியும். மேக்கின் பின்னணிச் செயலியான சிஸ்டம் ஈவென்ட்ஸ் சாய்கோட்டுப் பாதையையும் ஏற்கும். ஃபைண்டரில் சாய்கோடு கொண்டதாகத் தெரியும் கோப்புப் பெயர், பாசிக்ஸ் பாதையில் அதே இடத்தில் முக்காற்புள்ளியோடு வரும். எனவே குறிகளை எழுத்து எழுத்தாக மாற்றி எழுதும் சொந்த ஹேண்ட்லரைத் தவிர்த்து, 'பாசிக்ஸ் பாத்', 'பாசிக்ஸ் ஃபைல்' என்ற இரண்டையுமே மாற்றத்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

பாதை என்பது வெறும் எழுத்துச் சரம். கோப்பைச் சுட்டும் பொருள் வேறு. 'அலையஸ்' என்பது ஏற்கெனவே இருக்கும் கோப்பை மட்டுமே சுட்டும். இனிமேல் உருவாகப் போகும் கோப்பின் பாதையை அலையஸாக மாற்ற முயன்றால்தான் தொடக்கத்தில் சொன்ன -43 பிழை வருகிறது. சாய்கோட்டுப் பாதையை நேரடியாக அலையஸ் என்று எழுதினாலும் அதே பிழைதான். இன்னும் உருவாகாத கோப்பைக் குறிக்க பாசிக்ஸ் ஃபைல் போன்ற வடிவம் தேவை. அலையஸுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பு அதே வட்டில் வேறிடத்துக்கு நகர்ந்தாலும் அலையஸ் அதைத் தொடர்ந்து சுட்டும். ஃபைண்டர் தரும் கோப்புச் சுட்டோ ஃபைண்டருக்கு மட்டுமே உரியது. அதை முதலில் அலையஸாக மாற்றிய பிறகே பாசிக்ஸ் பாதையைக் கேட்க வேண்டும்.

ஸ்கிரிப்ட்டின் எல்லையும் பாதையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபைண்டரின் டெல் தொகுதிக்குள், மாறியில் உள்ள பாதையைப் பாசிக்ஸ் ஃபைல் என்று மாற்ற முயன்றால், ஃபைண்டர் அதைத் தன்னிடம் உள்ள ஒரு பொருளாகத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று -1728 பிழையைத் தரக்கூடும். ஆகவே பாதைகளை உருவாக்குவதும் மாற்றுவதும் அனைத்தும் டெல் தொகுதிக்கு வெளியே, அதற்கு முன்னரே நடந்து முடிந்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில், இரு கோப்புறைகளையும் மேலே அலையஸாக மாற்றி இரு மாறிகளில் வைத்துக்கொண்டு, ஃபைண்டரிடம் நகலெடு என்பதை மட்டும் சொல்கிறோம்.

வட்டின் பெயரையும் பயனரின் பெயரையும் ஸ்கிரிப்ட்டில் நேரடியாக எழுதாதீர்கள். வட்டின் பெயரை ஒருவர் மாற்றிவிட்டால் போதும், எழுதி வைத்த பாதைகள் அத்தனையும் பயனற்றுப் போகும். 'பாத் டு டெஸ்க்டாப் ஃபோல்டர்' என்று கேட்டு, எழுத்துச் சரமாக மாற்றினால், முக்காற்புள்ளியில் முடியும் பாதை கிடைக்கிறது. அதன் பின்னால் 'படங்கள்' என்று ஒட்டினால் வேலை முடிந்தது. இறுதிக் குறி ஏற்கெனவே இருப்பதைக் கவனிக்காமல் இன்னொன்றைச் சேர்ப்பது வழக்கமான தவறு. வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் டில்டே (~) குறியைப் பாசிக்ஸ் ஃபைல் விரித்துப் படிப்பதில்லை. அதை ஷெல்லுக்கு வெளியே நம்ப வேண்டாம்.

ஷெல்லுக்குப் பாதையை அனுப்பும்போது, அதை மேற்கோள் குறிகளுக்குள் வைக்கும் 'கோட்டட் ஃபார்ம்' கட்டாயம். இடைவெளி உள்ள பெயர் இரண்டு பெயர்களாக உடைவதை அது தடுக்கிறது. ஒவ்வொரு டூ ஷெல் ஸ்கிரிப்ட்டும் தனித்த ஷெல் என்பதால், ஒன்றில் மாற்றிய கோப்புறையோ உருவாக்கிய மாறியோ அடுத்ததில் இருக்காது. முழுப் பாதையை எழுதுவதே வழி.

எல்லாம் சரியாக இருந்தும் -1743 என்ற பிழை வந்தால், உங்கள் ஸ்கிரிப்ட்டில் தவறு தேட வேண்டாம். 2018-இல் வந்த மொஹாவே என்ற மேக் இயங்குதளம் முதல், ஒரு செயலி மற்றொன்றை இயக்கப் பயனரின் அனுமதி தேவை. கணினியின் தனியுரிமை அமைப்புகளில் ஆட்டோமேஷன் பகுதியில் அதை அளிக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஒ, ஓ, ஔ என்ற உயிர்களின் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு துண்டுகளாகவும் எழுதலாம். 'கோயில்' என்ற பெயரின் முதலெழுத்து இரு வடிவிலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை கொண்ட வட்டு பெயரைத் துண்டாக்கிச் சேமித்தது. 2017-இல் ஹை சியரா இயங்குதளத்துடன் பரவலாக வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை, கொடுத்த வடிவிலேயே சேமிக்கிறது. எனவே பழைய வட்டிலிருந்து வந்த கோப்பின் பெயரையும் உங்கள் விசைப்பலகையில் தட்டிய பெயரையும் ஷெல்லிலோ பைத்தானிலோ ஒப்பிட்டால், அவை பொருந்தாமல் போகலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பைத்தானில் அதற்கு 'யூனிகோடுடேட்டா' என்ற தொகுப்பின் 'நார்மலைஸ்' போதும்.