ஜிம்னாஸ்டிக்ஸில் நளினம்: பிறவியில் வருவது எது, பழக்கி வருவது எது

மலையகப் பாடசாலைகளில் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது, "இதுக்கு உடம்புலயே நளினம் இருக்கு, அதுக்கு வராது" என்று முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதல் நாளில் எடுக்கக்கூடாத முடிவு அது. நளினம் என்று நம் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி பாதம், முழங்கால், தோள், பார்வை, மூச்சு, தாளம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பழக்கி, பிறகு ஒன்று சேர்ப்பதால் வருகிறது. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பழக்கிய பிறகு பேச வேண்டிய விடயத்தைப் பத்து நிமிடத் தெரிவில் பேசக்கூடாது.

பிறவியில் வருவனவும் உண்டு. கை கால்களின் நீளம், பாதத்தின் வளைவு, மூட்டுகளின் இளக்கம், இடுப்பு மூட்டின் அமைப்பு ஆகியவற்றை ஆசிரியர் மாற்ற முடியாது. இடுப்பு விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தொடை எந்தளவுக்கு வெளிப்புறம் திரும்பும் என்பதைப் பெரும்பாலும் இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பே தீர்மானிக்கிறது. அதைத் தாண்டிப் பாதத்தை மட்டும் திருப்பச் சொன்னால் முழங்கால்தான் முறுகும். முழங்கை பின்பக்கம் வளையும் அளவுக்கு இளக்கமான பிள்ளை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைப்பலம் அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை.

நடுவர்கள் எதற்குப் புள்ளி வெட்டுகிறார்கள் என்று பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகும். அசைவை எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பதற்கான செயற்பாட்டுப் புள்ளி 10.0 இலிருந்து இறங்கும். சிறு பிழைக்கு 0.10, நடுத்தரப் பிழைக்கு 0.30, பெரிய பிழைக்கு 0.50, விழுந்தால் 1.00. பெண்களின் தரைப் பயிற்சியிலும் சமநிலைக் கட்டையிலும் கலைத்தன்மைக்கென்றே வெட்டுகள் உண்டு. பந்து, ரிப்பன் போன்றவற்றோடு இசைக்கு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் 2022 முதல் கலைத்தன்மைக்குத் தனிப் புள்ளியே கொடுக்கிறார்கள். நீளாத பாதம், மடங்கிய முழங்கால், இசையோடு ஒட்டாத அசைவு என்று அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பயிற்சியால் திருத்தக்கூடியவை. ஒலிம்பிக்கில் 9 தங்கம் உட்பட 18 பதக்கங்கள் வென்ற சோவியத் வீராங்கனை லரிசா லத்தினினா ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வருமுன் பாலே கற்றவர்.

முதலில் உடம்பு சூடாக வேண்டும்

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காலைக் குளிரில் பத்து நிமிட ஓட்டம் போதாது. இருபது நிமிடம் எடுங்கள். சுவெட்டரும் மேஸும் போட்டபடியே மெதுவோட்டம், துள்ளல், கை கால் வீச்சு. வியர்வை அரும்பிய பிறகு சுவெட்டரைக் கழற்றலாம். தாண்டல்களுக்கு முன் மேஸ் கட்டாயம் கழற வேண்டும், வழுக்கும். பனி ஈரம் காயாத புல்லில் எதையும் செய்ய வேண்டாம். கால் விரிப்பு போன்ற நீண்ட நேர இழுவைப் பயிற்சிகளைக் கடைசிக்கு வையுங்கள். பிள்ளையின் தோளை அமுக்கி, கால்விரிப்பைத் தரையில் முட்ட வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்தியே ஆக வேண்டும். தொடையின் பின்தசை எலும்போடு சேரும் இடத்தில் காயம் வந்தால் மாதக்கணக்கில் ஆறாது.

உடை முழங்காலைக் காட்ட வேண்டும். தொளதொள காற்சட்டைக்குள் மடங்கிய முழங்கால் ஒளிந்துகொள்ளும். உடலோடு ஒட்டிய நீளக் காற்சட்டை போதும். உடையை எண்ணித் தயங்கும் பெற்றோரிடம், கணுக்கால் வரை மூடிய ஆடைக்கு சர்வதேச விதியே இடம் தருகிறது என்று சொல்லுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மன் அணியினர் அப்படித்தான் வந்தார்கள். ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையான மில்கா கெஹானி களமிறங்கியதும் அதே போட்டியில்தான்.

பாதமும் முழங்காலும்

கால் நீட்டி உட்காரவைத்து, முதலில் கணுக்காலை நீட்டவும், பிறகு விரல்களை நீட்டவும் பழக்குங்கள். பிள்ளைகள் விரல்களை மட்டும் சுருட்டுவார்கள்; கணுக்கால் அப்படியே நிற்கும், உள்ளங்காலில் தசை பிடிக்கும். பாதம் உட்பக்கம் சரிவது இன்னொரு பிழை. பெருவிரல் முழங்காலுக்கு நேர்கோட்டில் இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். பழைய சைக்கிள் டியூப்பை ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டி, பாதத்தில் மாட்டி, இரு நுனியையும் பிள்ளையே பிடித்துக்கொண்டு நீட்டி மடக்கட்டும்: ஒரு காலுக்கு 15 தரம், இரண்டு சுற்று. அடுத்து, சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்துவது: இரண்டு எண்ணிக்கையில் மேலே, நான்கில் கீழே, 10 தரம், மூன்று சுற்று. மெதுவாக இறங்குவதில்தான் பலன். பொத்தென்று இறக்கினால் பயிற்சி வீண்.

தாண்டலில் முழங்கால் மடங்கினால் "காலை நீட்டு" என்று கத்திப் பயனில்லை. பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரியும், முன்தொடையில் பலம்தான் இல்லை. மல்லாந்து படுத்து, கால்களை நேராக வைத்து 15 சென்ரிமீற்றர் உயர்த்தி 10 செக்கன் பிடிக்கட்டும். கீழ்முதுகு தரையிலிருந்து எழும்பினால் கால்களின் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக விரியும் பிளவுத் தாண்டலில் கால்கள் 180 பாகை விரிய வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் வெட்டு விழும். ஆனாலும் சிறு பிள்ளைக்கு நேரான கால்களோடு 140 பாகையே நல்லது. விரிப்பு பிறகு வரும், மடங்கிப் பழகிய முழங்காலை நிமிர்த்துவது கடினம்.

கை முதுகிலிருந்து தொடங்குகிறது

பிள்ளையை நிற்கவைத்து முதுகைச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். எட்டு எண்ணிக்கையில் கைகளைப் பக்கவாட்டாக உயர்த்தி, எட்டில் இறக்கட்டும். தோள்பட்டை எலும்பு முதலில் அசைந்து, முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று வரிசையாகத் தொடர வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் நிறுத்தி, மூச்சை வெளியே விட்டு, மறுபடி தொடங்குங்கள். விரல்களை விறைப்பாக ஒட்டி வைப்பதும், தொங்கவிடுவதும் ஒரே அளவு அசிங்கம்.

பாடசாலையில் பரதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே பெரிய அனுகூலம் உண்டு. கை போகும் இடத்துக்குக் கண் போகும், முழங்காலை வெளிப்புறம் மடித்து நிற்கும் அரைமண்டியால் தொடை பலப்பட்டிருக்கும். ஆனால் பாதத்தைத் தட்டி மிதிக்கும் பழக்கம் ஜிம்னாஸ்டிக்ஸில் எதிராக வேலை செய்யும். நடையில் குதிகால் முதலில் விழும், தாண்டும்போது பாதம் மடங்கியே இருக்கும். பரதத்தை விடச் சொல்லாதீர்கள். உடம்பு சூடான பிறகு வரும் முதல் ஐந்து நிமிடத்தை விரல் முதலில் தரை தொடும் நடைக்கு ஒதுக்குங்கள், உடம்பு இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும்.

தாளம், இசை

மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு என்ற பறையின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாளம் புதிது இல்லை. அதைப் பயன்படுத்துங்கள். இசையில்லாமல் தப்பு அடியோடு நடை, அரைத் திருப்பம், துள்ளல் என்று தொடங்கி, வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். இடையில் அடியை நிறுத்தினால் பிள்ளையும் அப்படியே உறைய வேண்டும்.

இசை வந்தபின், முதலில் உட்கார்ந்து மூன்று தரம் கேட்கட்டும். பிறகு கைதட்டல், பிறகு நடை. அசைவு அதற்குப் பிறகுதான். அசைவுகளை அமைத்து முடித்து, மேலே ஏதோவொரு பாட்டைப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பெண்களின் தரைப் பயிற்சியில் சொற்களுள்ள பாடல் கூடாது, 1.00 வெட்டு. சினிமாப் பாட்டென்றால் வாத்தியப் பதிவை எடுங்கள். நேர எல்லை 90 செக்கன். 83 அளவில் அமைத்தால் போட்டிப் பதற்றத்தில் நேரம் தாண்டாது. ஆண்களுக்குத் தரைப் பயிற்சியில் இசையே இல்லை, ஆனால் பாதமும் முழங்காலும் அவர்களுக்கும் புள்ளிதான். பையன்களை இந்தப் பயிற்சிகளிலிருந்து ஒதுக்காதீர்கள்.

இடைவெளிகள்

ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடைப்பட்ட நேரம்தான் புள்ளி அதிகம் கசியும் இடம், ஆசிரியர்கள் குறைவாகப் பார்ப்பதும் இதைத்தான். கரணத்துக்கு முன் மூலையில் போய் நின்று, காலைச் சரிசெய்து, மூச்சு வாங்கி, கையைத் தொங்கவிட்டு ஓடத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கரணத்துக்கும் ஒரு நுழைவும் ஒரு வெளியேற்றமும் அமைத்து, கரணம் இல்லாமல் அந்த இரண்டை மட்டும் பத்துத் தரம் செய்யவையுங்கள். களம் 12 மீற்றர் சதுரம், மூலைவிட்டம் ஏறக்குறைய 17 மீற்றர். பாடசாலை மண்டபத்தில் அவ்வளவு கிடைக்காது. இருக்கும் நீளத்தை டேப் ஒட்டிக் குறித்து, எத்தனையாவது எட்டடியில் கரணம் தொடங்குகிறது என்று முடிவுசெய்யுங்கள்.

சமநிலைக் கட்டை 10 சென்ரிமீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம். தரையில் அதே அளவுக்கு டேப் ஒட்டினால் தொடங்கலாம், பிறகு ஆடாத பலகை. பார்வை கட்டையின் நுனியில் நிற்கட்டும். காலைப் பார்த்தால் முதுகு வளைந்து, கழுத்து குறுகி, நளினம் அத்தோடு போய்விடும்.

வயிறு மேலே இருக்க, கையையும் காலையும் ஊன்றிப் பாலம் போல வளையும்போது வளைவு முழுவதும் கீழ்முதுகில் விழாதிருக்க, கால்களை 30 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் வளைவு தோளுக்குப் போகும். பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலி இரண்டு வாரம் தொடர்ந்தால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

முகத்துக்கு வலிந்த சிரிப்பு வேண்டாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு மண்டபத்தின் நான்கு மூலைகளையும் இலக்காகக் கொடுத்து, எந்த அடியில் எந்த மூலையைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள். கண் நிமிர்ந்தால் முகம் தானாக மாறும்.

முதல் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் அதே 30 செக்கன் அசைவை வீடியோ எடுங்கள். கைத்தொலைபேசி பிள்ளையின் இடுப்பு உயரத்தில், ஐந்து மீற்றர் தூரத்தில், பக்கவாட்டில் இருக்கட்டும். ஒரு தரம் பார்க்கும்போது ஒரே ஒரு பிழையை மட்டும் பேசுங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகு பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தைத் திருத்தாதீர்கள், அது அவர்களுடைய சொத்து. கட்டையான, பலமான பிள்ளைக்கு வெட்டி நிறுத்தும் வேக இசை பொருந்தும். நீண்ட கை காலுள்ள பிள்ளைக்கு இழுத்துப் போகும் மெல்லிசை. அதே எட்டு அடிகளை இரண்டு விதமான இசைக்கும் செய்யவைத்துப் பாருங்கள். எந்த இசையில் கை அவசரமில்லாமல் முழு நீளத்துக்குப் போய் முடிகிறதோ அதைப் போட்டிக்கு எடுங்கள்.