பத்தாம் வகுப்பிலேயே ஒரு வழிகாட்டியைத் தேடுங்கள்

எந்தக் கல்லூரி என்ற பேச்சு பல வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் வாய்ப்பு ஏறக்குறைய போய்விடும்; உயிரியல் இல்லாவிட்டால் நீட் எழுதுவதே சிக்கல்.

அதனால் ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே ஒருவரைப் பிடியுங்கள். பெரிய அதிகாரி தேவையில்லை. அப்துல் கலாமுக்குப் பறப்பதில் ஆசையை விதைத்தவர் ராமேசுவரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்ட மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துப் போனார். கலாம் பின்னாளில் விமானப் பொறியியல் படித்தார்.

உங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் அண்ணனோ அக்காவோகூடப் போதும். "என்ன படிக்கலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தப் பாடம் கஷ்டம், கட்டணம் போக மாதம் என்ன செலவு, சீனியர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. விவரம் தெரியாமல் நடுவில் பள்ளி மாற்றி இதை இழக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. டிசி வாங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.