டீகாஸ் கத்தும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் சிமுலேட்டரில் ஒரு புதுக் கோ-பைலட். வேறு விமானத்தோடு மோதாமல் காக்க எச்சரிக்கும் கருவியான டீகாஸ், "க்ளைம்ப், க்ளைம்ப்" (ஏறு, ஏறு) என்றது. பின்னால் உட்கார்ந்து தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலராக நடித்த நான், வேண்டுமென்றே "இறங்குங்கள்" என்றேன். தம்பி தயங்காமல் மூக்கைக் கீழே அழுத்தினார். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் வெட்கமும். பயிற்சிக் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

கன்ட்ரோலர் சொல்கிறாரே என்று டீகாஸை மீறுவது

"கன்ட்ரோலருக்கு முழுப் படமும் தெரியுமே சார்" என்பார்கள். தெரியாது. உங்களுக்கு ஆர்ஏ (ஏறு, இறங்கு என்று டீகாஸ் இடும் கட்டளை) வந்திருப்பது பெரும்பாலான இடங்களில் அவர் திரையில் வராது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. அவருடைய ரேடார் படம் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். டீகாஸ் ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை எதிர் விமானத்தை விசாரிக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டு விமானங்களின் டீகாஸும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒன்றை ஏற்றும், மற்றதை இறக்கும். நீங்கள் மீறினால், ஒழுங்காகக் கீழ்ப்படிந்த அந்த இன்னொரு விமானி இருக்கும் பக்கத்துக்கே போகிறீர்கள்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே நடந்தது இதுதான். சூரிச்சில் ஒரே கன்ட்ரோலர் இரண்டு பேர் இருக்கைகளின் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலையால் தரைக் கணினியின் எச்சரிக்கை முழுமையாக இல்லை, முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. அவர் டுபோலெவ்-154ஐ இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் அதன் டீகாஸ் ஏறச் சொன்னது. "ஏறச் சொல்கிறதே" என்று கோ-பைலட் குரல் கொடுத்தும், விமானம் இறங்கியது. குறுக்கே வந்த போயிங் 757 சரக்கு விமானமும் தன் டீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் அந்த விமானம் வலப்புறம் வருவதாகச் சொன்னார், வந்ததோ இடப்புறம். 71 பேர் போனார்கள்.

இதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானின் யாய்சு அருகே பயிற்சிக் கன்ட்ரோலர் ஒருவர் விமான எண்ணை மாற்றிச் சொன்னார். ஏறச் சொன்ன டீகாஸை விட்டுவிட்டு ஒரு 747 இறங்கியது; எதிரே வந்த டிசி-10ம் இறங்கியது. கடைசி நொடியில் தப்பினார்கள். சுமார் 100 பேருக்குக் காயம். அந்தப் பாடத்தை அப்போதே எல்லோரும் படித்திருக்கலாம்.

இன்னும் எரிச்சலூட்டுவது, இருவர் பேச்சையும் மதிப்பதாக நினைத்து நடுவில் மட்டமாகப் பறப்பவர்கள். சமரசம் பண்ண இது பஞ்சாயத்து இல்லை. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை, விண்ட்ஷியர் (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கை, தரை நெருங்கும் எச்சரிக்கை, இவைதான் ஆர்ஏவுக்கு மேல். கன்ட்ரோலரிடம் "அன்ஏபிள் (முடியாது), டீகாஸ் ஆர்ஏ" என்று சொன்னால் போதும்.

டிஏ வந்ததும் விமானத்தைத் திருப்புவது

வேண்டாம். டிஏ என்பது பக்கத்தில் விமானம் இருக்கிறது என்ற முன்னெச்சரிக்கை மட்டுமே. அந்த விமானத்தைக் கண்ணால் தேடுங்கள், தயாராக இருங்கள்.

பச்சைக் கோட்டைத் தாண்டி இழுப்பது

எவ்வளவு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதைத் திரையில் பச்சைக் கோடு காட்டும். ஆர்ஏ வந்து 5 விநாடிக்குள் அசைய வேண்டும், ஆனால் மென்மையாக. கால் ஜி (புவியீர்ப்பில் கால் பங்கு) போதும். நிஜ வானில் எனக்கு வந்த முதல் ஆர்ஏவில், பயத்தில் 900 அடி ஏறிவிட்டேன். மேலே இருந்த மூன்றாவது விமானத்தின் கன்ட்ரோலருக்குத்தான் வேர்த்திருக்கும். பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருந்த பணிப்பெண் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கடைசி ஆயிரம் அடியில் வேகமாக ஏறுவது

போய்ச் சேர வேண்டிய உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போதே, வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் கீழே குறையுங்கள். தேவையில்லாத ஆர்ஏக்களில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

கன்ட்ரோலர்களுக்கு ஒன்று

விமானி "டீகாஸ் ஆர்ஏ" என்றால் "ரோஜர்" சொல்லிவிட்டு, அவர் பாதையை மாற்றச் சொல்லாமல் இருங்கள். "க்ளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" (ஆபத்து விலகியது) என்று அவரே வருவார்.